பெரிசுகளுக்கான எழுத்துத் தேர்வு

இன்டர்வியூவுக்கு வருகிறவர்களை நான் காக்கவைத்ததே இல்லை, சார். எங்கள் தாம்பரம் அலுவலகத்துக்கு வந்துபோன யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஷ்யாம்சுந்தர் மரியாதை தெரிந்தவன் என்பார்கள். வயதைக் காரணம் காட்டி ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. வேறு காரணம் கண்டுபிடித்துத்தான் அனுப்புவேன்.

நாற்பதைத் தாண்டியவர்கள் எங்களுக்குச் சரிப்பட மாட்டார்கள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து நிற்பார்கள். பாவமாகவும் இருக்கும், சிரிப்பும் வரும். அதற்காக வந்தவர்களை வீணாக்குவானேன்? நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். என் குழுவில் எல்லோரும் சின்ன வயது, கெட்டிக்காரர்கள். யாரோ எப்போதோ எழுதிய பழைய புரோகிராமைப் பார்த்தால் மட்டும் முழி பிதுங்கும். அவர்களுக்குப் பிடிபடாத பக்கங்களை அச்செடுத்து, 'பிழையைக் கண்டுபிடிக்கவும்' என்று மேலே போட்டு, பெரிசுகளுக்கு எழுத்துத் தேர்வாகக் கொடுப்பேன். திருத்தித் தருவார்கள். "சொல்லி அனுப்பறோம் சார்" என்பேன். நான்கு வருடமாக இப்படித்தான் வண்டி ஓடியது.

யக்ஞநாராயணன் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்தார். ஐம்பத்திரண்டு வயது. அரை மணியில் தாளை நீட்டினார்.

"சார், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது இது டோஸை இன்னொரு தடவை இறக்கிடும். இது எங்கயாவது யூஸ்ல இருக்கா?"

"சும்மா மாடல் கொஸ்டின்தான் சார்."

"அப்ப சரி. இருந்துச்சுன்னா ஆள் செத்துடும்."

இருந்தது. பதினோரு மருத்துவமனைகளில். திருத்த ஒரு நாள் போதும். ஆனால் கருவிகளை எல்லாம் திரும்ப வாங்க வேண்டும், மேலிடம் யார் கண்டுபிடித்தது என்று கேட்கும். நாங்கள் வேண்டாமென்று அனுப்பிய பெரிசு என்று எந்த வாயால் சொல்வேன்? தாளைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு எங்கோ உறுத்தியிருக்க வேண்டும், மூன்று முறை போன் செய்தார். அவர் எண்ணை பிளாக் செய்தேன்.

ஐந்தாவது வாரம் பம்மலில் ஒரு நர்சிங் ஹோமில் மதியம் கரண்ட் போனது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து வலி மருந்து ஏறிக்கொண்டிருந்த காந்திமதி மூச்சடங்கிப் போனார். முப்பத்துநான்கு வயது. தெரிந்துதான் விட்டேன், சார். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. யக்ஞநாராயணனின் விண்ணப்பத்தில் 'புதியதைப் புரிந்துகொள்ளும் வேகம் போதாது' என்று என் கையெழுத்தில் இருக்கிறதே, அதை மட்டும் பொய் என்று பதிந்துவிடாதீர்கள். அதை நான் மனசாட்சிப்படி எழுதினேன்.