இப்போது யார் ஆட்சி?

பெக்கான் நானாஸ் பஸ் நிறுத்தம், வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. பொந்தியான் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

“இறங்குனதும் தளபதி மொதல்ல கேக்கறது, இப்ப யாரு ஆட்சின்னுதான்.”

“எந்தத் தளபதிக்கா?”

“சீனக் கோயில்ல ஒரு அங்கிள் மேல சாமி மாதிரி இறங்குவாருலா. தளபதி செத்து ரொம்ப வருசமாச்சு. சீன ராஜாவோட பட்டாளத்துல இருந்தவரு. ராஜா போனதும் அரசியலுக்கு வந்து மந்திரியானாரு. நாலு தடவ கட்சி மாறுனாராம்.”

சீனப் பேரரசு விழுந்த பின் அப்படி மாறிய தளபதிகள் பலர். இவர் எவர் என்று அந்த அம்மா சொல்லவில்லை.

“அவருகிட்ட உங்களுக்கு என்ன வேல?”

“எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம கட்சி மாறப் போறாரு. அப்புறம் பழைய ஆளுங்க ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. வேணாம்னு தளபதி சொன்னா கேப்பாருன்னு போனேன்.”

“சொன்னாரா?”

“ஒவ்வொரு தடவையும் பதவி கெடச்சுது, என் பொணத்தத் தூக்கத்தான் எந்தப் பக்கமும் வரலன்னாரு. தனியாத்தான் கெடக்கேன், உங்க வீட்டுக்கே வந்து அவருக்கு வழி சொல்றேன்னாரு.”

இளையவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

“அலமாக், என்னக்கா இது! வீட்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். பயந்துருவாருன்னு நெனச்சேன். அவரு பின் ரூமக் கழுவி, கட்டில் போட்டு, புதுத் தலகாணி வாங்கி வச்சிட்டாரு.”

“வைக்கட்டும்க்கா. யாரு வரப் போறா?”

“காலையில பாத்தேன். தலகாணி அமுங்கிக் கெடக்கு.”

பஸ் வந்தது. இளையவர் ஏறினார். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன் என்று மூத்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.