சாட்சி முள்

சின்னக் கார்களில் வேலை செய்யக் கை சின்னதாக இருக்க வேண்டும். என் கை அப்படி அமைந்தது. பாதி இன்ஜினைக் கழற்றினால்தான் மற்றவர்களுக்கு எட்டும் போல்ட்டை, நான் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுவிடுவேன். ரேகை எடுக்கும்போது உங்கள் உதவியாளர், "என்னங்க, பொம்பளப் புள்ள கை மாதிரி இருக்கு" என்றார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வரியைத் தவிர எல்லாம் சரி. அந்த வரிக்கு வருமுன் சிலவற்றை விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ கோபத்தில் செய்துவிட்டேன் என்று படிப்பவர்கள் நினைப்பார்கள்.

தோர்ஸ்பி பந்தயத் தடத்திலிருந்து பதினொரு மைலில், பழைய உருளைக்கிழங்குக் கொட்டகை ஒன்றில் என் பட்டறை இருக்கிறது. பழைய கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது தொழில். பியர்ஸ் ஹாலம் அந்தப் பக்கத்து மாட்டு வைத்தியன். ஆறடி உயரம், எப்போதும் சிரிப்பு, ரப்பர் பூட்ஸில் எப்போதும் சாணம். ஒரு பண்ணையில் கன்று இழுக்கப் போனபோது, கோழிக் கொட்டிலில் ஒரு காரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கார். விளக்குகள் இரண்டும் மேலே பிதுங்கியிருப்பதால் தவளைக்கண் என்போமே, அது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

காரை அவன் வாங்கினான். நான் நான்கு குளிர்காலம் உழைத்தேன். கூரையில்லாத கார், கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு தகரப் பெட்டிகளின் பலத்தில்தான் நிற்கிறது. அவை துருப்பிடித்திருந்தால் ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் வெட்டியவனின் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் மூடாது. நான் ஒவ்வொரு அங்குலம் பற்றவைத்த பின்பும் கதவை மூடிப் பார்த்தேன். இன்றும் அது இரண்டு விரலால் தள்ளினால் மூடும்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கியதும் அதன் தலையில் ஒரு சொட்டு வண்ணம் வைப்போம். வண்ணம் இருந்தால் முறுக்கியாயிற்று, இனி யாரும் தொடத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். என்னுடையது மஞ்சள். முப்பது வருடத்தில் முறுக்காத போல்ட்டில் நான் பொட்டு வைத்ததில்லை.

"லென், உன் பொண்டாட்டிக்கும் ஒரு மஞ்சப் பொட்டு வெச்சிருக்கலாம்ல? கழண்டு ஓடியிருக்க மாட்டா" என்பான் பியர்ஸ். பட்டறையில் யார் இருந்தாலும் சொல்வான். நானும் சிரிப்பேன்.

இப்போது முள்ளைப் பற்றி. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் வட்டம் ஓட்டுநருக்கு எதிரே இருக்கும். பந்தயக் கார்களில் அதில் இரண்டு முள். ஒன்று ஏறி இறங்கும். மற்றதை அது தன்னோடு மேலே தள்ளிக்கொண்டு போய், உச்சியில் விட்டுவிட்டு இறங்கிவிடும். அந்த இரண்டாவதற்குச் சாட்சி முள் என்று பெயர். ஓட்டியவன் எவ்வளவு மிதித்தான் என்று பந்தயம் முடிந்ததும் அது சொல்லிவிடும். பழையபடி கீழே கொண்டுவர வட்டத்தின் பின்னால் ஒரு திருகு இருக்கும்.

அந்தச் சின்ன இன்ஜினுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு எல்லை என்று சொல்லியிருந்தேன். முதல் வருடம் ஏப்ரலில் ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்தது. பிஸ்டன் நொறுங்கியது. அதன் தண்டு இன்ஜினின் பக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. அந்த வார்ப்பிரும்பு உடல் காரோடு பிறந்தது. காரின் சட்டகத்தில் பொறித்த எண்ணும் அதில் பொறித்த எண்ணும் ஒன்று. அப்படி வேறொன்று கிடைக்காது. சாட்சி முள் ஆறாயிரத்து நானூறில் நின்றது.

நல்ல வால்வு அந்த வேகத்தில் உடையாது. ஆகவே பியர்ஸ் எல்லை மீறிவிட்டு, காரிலிருந்து இறங்குமுன் திருகைத் தொட்டிருக்கிறான். வேறு விளக்கம் இல்லை.

உடைந்த வார்ப்பிரும்பைப் பற்றவைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். அதனால் தைக்க வேண்டும். விரிசல் நெடுகத் துளையிட்டு, மரையுள்ள ஆணிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி முடுக்கி, ராவி விடுவது. நூற்று நாற்பது தையல் போட்டேன்.

வால்வு வேலைக்கு எதிர்ப் பட்டறை சிரில் மாபட்டிடம் கொடுப்பேன். எழுபது வயது, வாயில் எப்போதும் புதினா மிட்டாய். வால்வை இழுத்து மூடும் ஸ்பிரிங்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுக்கு அடியில வாஷர் போட்டியா?" என்றார்.

"எப்பவும் போடறதுதான். ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமா நிக்கும்."

"நிக்கும். ஆனா வால்வு முழுசாத் திறக்கறப்போ சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டுது பாரு, தேஞ்சிருக்கு. அமுங்க இடமே இல்லன்னா வால்வு கழுத்துதான் ஒடியும். அவன் ஆறாயிரத்துல போனாலும் ஒடியும்."

"அளந்துதான் போட்டேன், சிரில்."

"உன் கணக்கு காகிதத்துல எப்பவும் சரிதான் லென். இரும்புக்குப் படிக்கத் தெரியாதே."

வயதானவர். கண் பார்வை முன்போல் இல்லை. வாஷர்களை அப்படியே போட்டேன்.

ஆகஸ்டில் மறுபடி உடைந்தது. அதே வால்வு, அதே பக்கம். என் தையல்களில் அறுபது பிய்ந்தன. முள் ஆறாயிரத்து முந்நூறு. அன்று மாலை பந்தயக் கிளப்பின் கூடாரத்தில் எல்லோரும் தேநீரும் பன்றிக்கறி பேஸ்ட்ரியுமாக உட்கார்ந்திருந்தோம். நாற்பது பேர் இருக்கும். பியர்ஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்றான்.

"மக்களே, ஒரு பஞ்சாயத்து. ஒண்ணு, என் கால் பொய் சொல்லுது. இல்ல, லென்னோட கை பொய் சொல்லுது. கால் கட்சி யாரு, கை கட்சி யாரு? கை தூக்குங்க!"

கூடாரமே சிரித்தது. முப்பத்தொரு பேர் என் கைதான் என்றார்கள். எண்ணினேன். பிறகு அவன் இறங்கி வந்து என் தோளில் கை போட்டு, "சும்மா தமாஷுப்பா. அடுத்த தடவையும் போச்சுன்னா நார்விச்ல ஒருத்தன்கிட்ட கொடுத்துப் பாக்கறேன். கோவிச்சுக்காத" என்றான்.

கோவித்துக்கொள்ளவில்லை. அந்த இன்ஜினைப் பற்றித்தான் யோசித்தேன். இன்னொரு முறை உடைந்தால் தைக்க இரும்பு மிச்சமில்லை. யாருடைய பொய்யால் அது சாகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்ஜினின் பின்கோடியில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் இருக்கிறது. கிளட்ச் அதன்மேல்தான் உட்காரும். ஓட்டுபவனின் கணுக்காலுக்கும் அதற்கும் நடுவே சோப்புக்கட்டி கனம்கூட இல்லாத அலுமினியமும் ஒரு தகரமும்தான் உண்டு. சுற்றும் சக்கரத்தின் ஒவ்வொரு துண்டும் கவணில் வைத்த கல் மாதிரி. வெளியே ஓடத்தான் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். ஆறாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரத்துக்குப் போனால் வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது, பிய்க்கும் விசையோ ஒன்றரை மடங்காகிறது. அதனால்தான் பந்தயத்துக்குப் பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் கூடாது, எஃகில்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி.

அந்தக் குளிர்காலத்தில் எஃகுச் சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தேன். நீங்கள் எடுத்தது அதுதான். காரோடு வந்த வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, இன்ஜினைப் பார்க்கும் முகத்தில் ஒரு பள்ளம் வெட்டினேன். எவ்வளவு ஆழம் வெட்டினால் ஏழாயிரத்து இருநூறு வரை தாங்கும் என்று மூன்று முறை கணக்குப் போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனுக்கு அந்தச் சக்கரம் ஒன்றும் செய்யாது. ஆறு போல்ட்டையும் உரிய அளவுக்கு முறுக்கினேன். ஆறிலும் மஞ்சள் பொட்டு வைத்தேன்.

சாட்சி முள்ளின் திருகைக் கம்பியால் கட்டி ஈய முத்திரையும் அடித்தேன். இனி யாரும் அதைக் கீழே இறக்க முடியாது. பியர்ஸ் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் அவன் மனைவி இசோபெல் நின்றிருந்தாள்.

"பாத்தியா இசோபெல், எனக்கு விலங்கு போட்டுட்டான். சரிடா லென். ஆறு ஐந்நூறு தாண்ட மாட்டேன். இவ தலையில அடிச்சுச் சத்தியம்."

"என் தலையை விடு. உன் மாடுங்க தலையில அடி" என்றாள் அவள்.

ஈஸ்டர் சனிக்கிழமை. பரிசோதகர் டெரிக் ஸ்டெய்ன்ஸ் பிரேக்கை மிதித்தார், டயர்களைப் பிடித்து ஆட்டினார், குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். ஃப்ளைவீல் உறைக்குள் மூடியிருக்கும், கழற்றாமல் தெரியாது. "எஃகுதானே? சரி, உன் மஞ்சப் பொட்டு இருக்கற இடத்துல எனக்கு என்ன வேலை" என்று சீட்டை நீட்டினார். எஃகுதான் என்று கையெழுத்துப் போட்டேன். நான் எழுதிய ஒரே பொய் அது. அதற்கு வருந்துகிறேன்.

நான் மலையேற்ற வளைவில் வேலியோரம் நின்றேன். கியரை மாற்றாமல் கடைசிவரை மிதித்து வருகிற இடம் அதுதான். நான்காவது சுற்று. தவளைக்கண் வந்தது, நன்றாக ஒலித்தது. பிறகு பீங்கான் தட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம். சக்கரத்தின் ஒரு துண்டு இன்ஜின் மூடியைத் துளைத்துக்கொண்டு மரங்களுக்கு மேலே போனது. இன்னொன்று உள்பக்கம் போனது. கார் புல்லில் ஏறி, எதிலும் மோதாமல் நின்றது. தகரம் அந்த இரண்டு இடத்தைத் தவிர எங்கும் நசுங்கவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். மின் இணைப்பைத் துண்டித்தேன். பெட்ரோலை அடைத்தேன். அது ஒழுங்கு. பிறகு முள்ளைப் பார்த்தேன். ஆறாயிரத்து இருநூறு. முத்திரை அப்படியே இருந்தது.

அதன் பிறகு பியர்ஸைப் பார்த்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது தொடை பக்கவாட்டில் திறந்திருந்தது. நான்கு குளிர்காலம் நான் பற்றவைத்த தரையில் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது.

"லென்... என் காலு?"

"முதல்ல சொல்லு. எவ்வளவு போன?"

"ஆறு இருநூறு. முள்ளப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். கட்டுப்பா. உன் பெல்ட்டக் கழட்டு."

அவன் வைத்தியன் அல்லவா, எப்படிக் கட்ட வேண்டும் என்று அவனே சொன்னான். காயத்துக்கு மேலே, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் சுற்றி, ஒரு ஸ்பேனரை உள்ளே விட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். தெளிவான விளக்கம். என் பெல்ட் கையில் இருந்தது. மேல்பையில் ஸ்பேனரும் இருந்தது.

"பொய் சொல்லாத பியர்ஸ். எவ்வளவு?"

"ஆறு இருநூறுடா. சத்தியம்..."

மூன்றாவது முறையும் கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தடத்தோரம் கொடி காட்டும் ஆட்கள் வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கிளப்பில் உடைந்த காரைத் தயார் செய்தவனே வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் பிற்பகல் இசோபெல் பட்டறைக்கு வந்தாள். காருக்குள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு காட்டுச்சு லென்?" என்றாள்.

"எட்டாயிரம்."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணானே, பாவி" என்று கதவு நிலையில் தலையை முட்டிக்கொண்டாள். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அந்த வரி. 'விபத்தின்போது இன்ஜின் ஆறாயிரத்து இருநூறு சுற்றைத் தாண்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். வேலியோரம் யாரோ எடுத்த வீடியோவின் ஒலியை வைத்துக் கணித்ததாகச் சொல்கிறீர்கள். அன்று காற்று அடித்தது. காற்று ஒலியை மாற்றும். சிரில் இன்ஜினைத் திறந்து பார்த்து ஏதோ சொன்னாராம், கிளட்ச் சூட்டில் வார்ப்பிரும்பு விரிசல் விடும், அது என் கணக்கில் இல்லை என்று. அவர் எப்போதும் அப்படித்தான். ஸ்பிரிங்குகள் மறுபடி முட்டியிருக்கின்றன என்றும் சொன்னாராம். நான் அளந்துதான் போட்டேன்.

வேண்டுமென்றே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் சொல் தவறவில்லை என்று எழுதினால் போட மாட்டேன்.

முத்திரை உடையாமல் முள் எப்படி எட்டாயிரத்துக்குப் போனது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சுலபம். திருகு முள்ளை இறக்குவதற்குத்தான். ஏற்றுவதற்கு இன்ஜின் சுற்ற வேண்டும், அல்லது இன்ஜினிலிருந்து முள்ளுக்குப் போகும் கேபிள் சுற்ற வேண்டும். இசோபெல் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அந்தக் கேபிளைக் கழற்றி, முனையை டிரில்லில் மாட்டி, மெதுவாக விசையை அழுத்தினேன். முள் ஏழாயிரத்தைத் தாண்டியது. எட்டாயிரத்தில் நிறுத்தினேன்.

மூன்று பந்தயத்தில் முதல்முறையாக அது உண்மையைச் சொன்னது.