மத்தியான வாட்டம்

சார்ஜென்ட் அம்மா, உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற கல்வாழைக்கு யாரோ உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் வந்து உட்கார்ந்த அரை மணிக்குள் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நல்ல மனதோடுதான் செய்கிறார், பாவம். ஆனால் இந்த அக்டோபர் வெயிலில் மண் சூடேறிய சட்டியாகக் கிடக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வேர் அவிந்துபோகும். அவரிடம் சொல்லிவையுங்கள். இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் பேட்டை லுவேவேயில் என்னை மாகுமேடே என்று கூப்பிடுவார்கள். வயது அறுபத்திரண்டு. என் கணவர் ஜாஃபெத் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூலையில் பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான். கால் இரண்டும் வராது, வாய் குழறும், வலது கை மட்டும் நன்றாக இருந்தது. தாகமெடுத்தால் எனாமல் குவளையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். சிக்னல் பார்த்த கை அல்லவா, தாளம் தப்பாது.

கோடைக்குச் செடி எடுப்பது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. அழகைப் பார்த்து எடுத்தால் ஆயுசுக்கும் நாம்தான் சுமக்க வேண்டும். நித்தியகல்யாணியை நடுங்கள், திட்டினாலும் பூக்கும். காகிதப்பூ பட்டினி போட்டால் இன்னும் அதிகமாகப் பூக்கும். இதெல்லாம் தெரிந்தும் நான் ஹைட்ரேஞ்சியா ஆறு வாங்கினேன். குழந்தையின் தலை அளவுக்கு நீலப் பந்தாகப் பூக்கும். ஒவ்வொன்றும் ஒரு மாடு குடிக்கிற தண்ணீரைக் குடிக்கும். நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வெயில் படாத தெற்குச் சுவரோரம், பிற்பாடு ஜாஃபெத் படுக்கையாகக் கிடந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே நட்டேன். நீலம் கூடட்டும் என்று அவர் சேர்த்துவைத்திருந்த துருப்பிடித்த ரயில்வே ஆணிகளை வேரடியில் புதைத்தேன். அவருக்கு எரிச்சல். சோளம் போட வேண்டிய இடம் என்பது அவர் கட்சி. வாய் நன்றாக இருந்த காலத்தில் சொல்வார்: "சோளம் போட்டா களி கிண்டலாம். இந்த நீல முட்டைக்கோஸ வெச்சு என்னடி பண்ணப் போற?"

என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். வார்டு தோட்டப் போட்டி. இந்த வருடம் முதல் பரிசு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து முழுக்க நிரப்பியும் தருவார்கள். எங்கள் தெருவில் குழாய் திங்கட்கிழமை மட்டும்தான் வரும். என்னிடம் இருந்தது இரண்டு டிரம். இனி யோசித்துப் பாருங்கள், அந்தத் தொட்டி எங்கள் வாசலில் நிற்பதை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு மாகூப்பே தெரியுமா? டேலியாப் பூ வளர்ப்பதில் ராணி. போன வருடம் போட்டிக்கு நான்கு நாள் முன்பு அவள் புருஷன் செத்துப்போனார். அவ்வளவுதான். சாவு வீடு என்றால் நம் ஊரில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்தில் கூடாரம். பாத்திகளுக்கு நடுவே மூன்று கால் இரும்புச் சட்டிகள், அடுப்பு. எண்பது பேர் விடிய விடியப் பாடி ஆடினார்கள். அறுக்கக் கொண்டுவந்த மாட்டை யாரோ ஒரு புண்ணியவான் ரோஜாச் செடியில் கட்டினார். மாகூப்பே அழுதது புருஷனுக்கா டேலியாவுக்கா என்று இன்றுவரை தெருவில் தீர்ப்பு வரவில்லை.

அதனால்தான் வியாழக்கிழமை சாயங்காலம் ஜாஃபெத் காலமானபோது நான் சத்தம் போடவில்லை. நடுவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். நடுவில் இருப்பது ஒரே ஒரு வெள்ளி. இறந்தவருக்கு அவசரம் ஏது? முகத்தைத் துடைத்து, திரையை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் செலினா வந்து நின்றாள். ஜாஃபெத்தின் அக்கா, பேச்சில் மிளகாய்.

"எங்க அவன்?"

"ராத்திரி முழுக்க முழிச்சிருந்தாரு. இப்பதான் கண்ணசந்தாரு, அண்ணி."

அவள் ஜன்னல் பக்கம் போய்த் திரைக்கு வெளியே நின்று, "ஜாஃபெத்து, பொண்டாட்டி கையால கஞ்சி குடிச்சு நல்லாத் தூங்குற. அக்கா வந்தாக்கூட எந்திரிக்க மாட்டியா?" என்றாள். பிறகு "இவன் சின்ன வயசுலயும் இப்படித்தான், செத்த பொணம் மாதிரித் தூங்குவான்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் சமையலறைக்குள் போய்த் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். தப்புதான். ஆனால் வந்துவிட்டது.

மத்தியானம் சபைப் பெண்கள் ஐந்து பேர் வந்து கணீரென்று இரண்டு பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது பாட்டுக்கு உள்ளே அவர் காலால் தாளம் போட்டதைத் தன் காதாலேயே கேட்டதாக ஒருத்தி சாட்சி சொன்னாள். விசுவாசம் என்றால் அப்படி இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற வாடை ஒரு பிரச்சினை ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கோழி எரு இரண்டு மூட்டை வாங்கி வந்து ஜன்னலடியில் கொட்டிப் பரப்பினேன்.

சனிக்கிழமை நடுவர்கள் வந்தார்கள். அதில் தொப்பி வைத்த பெரியவர் ஹைட்ரேஞ்சியாவைக் குனிந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், பிறகு தலையாட்டினார். "எரு பலமாப் போட்டிருக்கீங்க போல, அம்மா. அதான் இந்த நீலம்." நான் மறுக்கவில்லை.

முதல் பரிசு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாகூப்பேயின் கையைப் பிடித்து இழுத்து வாசலிலேயே ஆடினேன், குலவையிட்டேன். பதினொன்றரைக்கு லாரி வந்து தொட்டியை இறக்கி, நிரப்பிவிட்டுப் போனது. பன்னிரண்டுக்கு உள்ளே போய்க் கதவைத் திறந்து ஒப்பாரி வைத்தேன். முதலில் குலவை, பின்னாலேயே ஒப்பாரி. தெருவுக்குக் கொஞ்சம் குழப்பம்தான்.

பிறகு நூறு பேர் வந்தார்கள். கூடாரம், சட்டி, மாடு, எல்லாம் வந்தது. ஹைட்ரேஞ்சியா ஒன்றுகூட மிஞ்சவில்லை. பரவாயில்லை, பரிசு கொடுத்தாகிவிட்டது. உடலைக் கழுவியது செலினா. வயது எழுபதில் எத்தனை உடல்களைக் கழுவியிருப்பாள். இது இன்றைக்குச் செத்த உடம்பு இல்லை என்று உடனே கண்டுகொண்டாள். அவர் வாயைத் திறந்து, காய்ந்து வெடித்துக் கிடந்த நாக்கைப் பார்த்தாளாம். மறுநாள் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, உடன்பிறந்த பாசம்.

நாக்கு ஏன் அப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அந்த வாரம் வெயில் மோசம். செவ்வாயன்றே ஒரு டிரம் காலி. செடியைக் கோடைக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் வேர் ஆழமாக இறங்கும். ஹைட்ரேஞ்சியாவிடம் அது நடக்காது. ஜாஃபெத் திடமான மனிதர். செவ்வாயிலிருந்து அவருக்குத் தடவைக்குப் பாதிக் குவளைதான், புதனன்று அதுவும் காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை மட்டும். மாகூப்பேயிடம் ஒரு குடம் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எதிராளியிடம் போய் என் டிரம் காலி என்று சொல்வார்களா?

வியாழன் காலை மிச்சம் ஒரே ஒரு வாளி. பன்னிரண்டு மணிக்குத் தட்ட ஆரம்பித்தார். போய்ப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது, தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு செடியும் அதே மாதிரித்தான் தொங்கின. மத்தியான வாட்டத்தை நம்பக்கூடாது, சார்ஜென்ட் அம்மா. அது தாகம் இல்லை, வெயிலுக்கு ஒரு நடிப்பு. பொழுது சாயும்வரை விட்டுவிட்டால் தானாக நிமிரும். "சாயங்காலம் தர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன். கையிலிருந்து குவளையையும் வாங்கி வைத்தேன், தட்டித் தட்டிக் களைத்துப்போகக்கூடாதே என்று. பிறகு அவர் விரல் முட்டியால் தட்டினார். மூன்று மணி இருக்கும், தாளம் தப்பியது.

ஐந்தரைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஆறு செடிக்கும் ஊற்றினேன். ஆறும் நிமிர்ந்தன. அவ்வளவு அழகாக அவற்றை நான் பார்த்ததே இல்லை. வாளியின் அடியில் ஒரு குவளை தண்ணீர் இருந்தது. அதை அவருக்கென்று கொண்டுபோனேன். அவர் நிமிரவில்லை. ஆகவே அதையும் கடைசிச் செடிக்கே ஊற்றினேன், வீணாக்க மனம் வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனால் எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் உண்டு. நாற்பது வருடமும் அவருக்குப் பொறுமை கிடையாது. இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர், விளிம்புவரை நல்ல தண்ணீர். இன்னும் இரண்டே நாள் பொறுத்திருந்தால் அவர் ஆசை தீரக் குடித்திருக்கலாம்.