மூணு பிள்ளைக்காரி

— ஏங்க, பிள்ளைய இப்படிக் குடுங்க.

— இருக்கட்டும்... இப்பதான் கண்ண மூடறான்.

— நீங்க சாப்பிட வேணாமா?

— ஒரு கையால சாப்பிட்டுக்கறேன். பழகிடுச்சு.

— ரெண்டு நாள்ல பழகிடுச்சாக்கும். கம்பெனில மெஷின் இன்னும் சரியாகலையா?

— இல்லம்மா. ஏதோ பார்ட் வரணுமாம். வந்தா கூப்பிடுவாங்க.

— அட்டைப்பெட்டி ஒட்டற மெஷினுக்கு இவ்வளவு பவுசா.

— விடு... நான் உன் போன்ல சேத்து வச்சேனே, அதெல்லாம் பாத்தியா? தடுப்பூசி எப்பெப்ப போடணும்னு ஒரு பக்கம். அழுதா எப்படித் தூக்கி வச்சுக்கணும்னு ஒரு டாக்டரம்மா வீடியோ...

— பாத்தேன். அந்தம்மா ஒரு பொம்மைய வச்சுக்கிட்டுக் காட்டறாங்க. அது அழவே இல்ல.

— பொம்மை எப்படிம்மா அழும்?

— அதத்தான் சொல்றேன். அவங்களுக்கென்ன.

— சரி... இன்னொண்ணு இருந்துச்சே. பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு மனசு சரியில்லாமப் போனா என்ன செய்யணும்னு. கீழ நம்பர்கூட இருக்கு. கூப்பிட்டா பொறுமையாப் பேசறாங்களாம்.

— அத எதுக்கு எனக்குச் சேத்து வச்சீங்க?

— சும்மா. எல்லாத்தையும் சேத்தேன், அதுவும் வந்துச்சு.

— சும்மா.

— ஆமா.

— நான் ஒண்ணே ஒண்ணுதான் படிக்கறேன். பிள்ள பெத்தவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கற பக்கம் இருக்கே, அது.

— அதான் தெரியுமே... அதாவது, நீதான் எப்பவும் அதையே பாத்துட்டிருக்கியே.

— அதுல ஒரு அக்கா இருக்காங்க. மூணு பிள்ளைக்காரின்னு பேரு போட்டுக்கிட்டு எழுதுவாங்க. பால் வரலன்னு புட்டிப்பாலுக்கு மாத்தினோமே, அன்னிக்கு நான் பொலம்பி எழுதினேன். 'உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா'ன்னு பதில் போட்டாங்க. அத எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது.

— நல்ல மனுஷிதான்.

— மூணு பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படித்தான் நேரம் கெடைக்குதோ. கரெக்டா உங்க கம்பெனி டீ டைம்லதான் எழுதுவாங்க.

— ...அவங்க வீட்லயும் டீ குடிப்பாங்கல்ல.

— குடிப்பாங்க, குடிப்பாங்க.

— மெதுவாப் பேசு. முழிச்சுக்கப் போறான்.

— மெதுவாத்தான் பேசறேன். அந்த அக்கா இப்ப எழுதறதே இல்ல.

— ஏதாவது வேலையா இருக்கும்.

— நான் ஒண்ணு கேட்டேன். அதுலேர்ந்து பேச்சுமூச்சக் காணோம்.

— அந்தத் துண்ட எடு, இவன் வாயில வழியுது.

— என்ன கேட்டேன்னு கேக்க மாட்டீங்களா?

— என்ன... கேட்ட?

— பிள்ளையத் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. ஜன்னல் பக்கம் போகவே பயமா இருக்கு, கை தானா விட்டுடுமோன்னு. நானெல்லாம் ஒரு தாயான்னு கேட்டேன்.

— அழாதம்மா.

— நான் எங்க அழறேன்? நீங்கதான் அழறீங்க.

— தூக்கமில்ல. கண்ணு எரியுது.

— காலைல உங்க சூப்பர்வைசர் போன் பண்ணாரு. பிள்ளையப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுக் குளிக்கப் போனீங்களே, அப்ப. மெஷினெல்லாம் நல்லாத்தான் ஓடுதாம். திடீர்னு லீவு போட்டாரே, வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— எனக்குத்தான்னு சொன்னேன்.

— ...நாளைக்கு ஒரு டாக்டரப் பாக்கப் போலாம். சொல்லி வச்சிருக்கேன். நானும் கூடவே உக்காந்துக்கறேன்.

— வரேன்... ஏங்க, போன மாசம் அந்த அக்கா என்ன எழுதினாங்க தெரியுமா? அவன் தூங்கலன்னா அந்த லொடலொட ஃபேனப் போட்டு விடு, அந்தச் சத்தத்துல அடங்கிடுவான்னு எழுதினாங்க.

— நல்ல யோசனதானே.

— நல்ல யோசனதான். ஆனா நம்ம ஃபேன் லொடலொடங்கும்னு நான் எங்கயுமே எழுதலங்க.

— அப்ப அது நான்தான்னு உனக்கு...

— அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

— தெரிஞ்சுமா அதக் கேட்ட?

— உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்க வாய் வரல. அக்கான்னா கேட்டுடலாம்... அது சரி, அது ஏன் மூணு பிள்ள?

— ஒண்ணுன்னு போட்டா நம்மளவிட இவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சுடுவியோன்னு...

— நல்லா இருக்கு.

— பதில் போடணும்னுதாம்மா உக்காந்தேன். எழுதறேன், அழிக்கறேன்... என்ன சொல்றதுன்னு தெரியல. சத்தியமாத் தெரியல.

— இனிமே எழுத வேணாம். ரெண்டு நாளா பிள்ளைய என் கையிலயே குடுக்கலையே நீங்க... அதுதான் அக்காவோட பதில்னு எடுத்துக்கிட்டேன்.