மூன்று முறை ஊதச் சொன்னது நான்

என் பெயர் சஃப்ரின். வயது 28. கணவர் பெயர் முஃபீத். தென்காசியில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் மாமியார் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். மிஸ்ரியா என்று மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என் கணவர் மலையில் காயம்பட்டது சம்பந்தமாகச் சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து நான் கொடுத்த வாக்குமூலத்தில் சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவற்றைச் சொல்ல இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

என் கணவர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்துவந்தார். சென்ற ஆண்டு விசா முடிந்து ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கிட்டங்கிக்குள் பகலும் இரவும் ஒன்றுபோல இருந்தது, இனி வெயிலும் மழையும் தெரிகிற வேலைதான் பார்ப்பேன் என்று சொன்னார். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களைப் பத்திரமாக மலையில் நடத்திக் காட்டுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் இங்கே இல்லை, அதைத் தொழிலாகச் செய்யலாம் என்றார். அதன் பிறகு இலஞ்சியைச் சேர்ந்த சண்முகப்பிரியா என்பவரிடம் மலைநடை வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் வடக்கே பனிமலையில் மலையேற்றம் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஐந்தருவிக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில் வாரக் கடைசியில் பயிற்சி நடந்தது. என் கணவரோடு சேர்த்து மூன்று பேர் படித்தார்கள்.

திசைகாட்டி பார்ப்பது, முதலுதவி, கயிற்று முடிச்சு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி முழுக்க முடிச்சாகக் கிடந்தது. என் மாமியார் ஹைருன் பீவி, “ஏலே, ஆடு கெட்டுததுக்கா ஷார்ஜால இருந்து வந்த?” என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளையோடு மலைக்குப் போகிறார் என்று தெருவில் பேச்சு இருந்தது. நான் அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தேன். ஆனால் மனதில் இருந்தது. முதல் வாக்குமூலத்தில் சண்முகப்பிரியாவின் பெயரைச் சொல்லும்போதும் அது இருந்தது.

பயிற்சியில் என் கணவருக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். அதே மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று வாங்கிக் குழந்தை கழுத்தில் மாட்டிவிட்டார். வழி தப்பினால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று மூன்று தடவை விட்டு விட்டு ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். குழந்தை மொட்டை மாடியில் நின்று மூன்று தடவை ஊதும். அவர் எங்கே இருந்தாலும் ஓடி வருவார். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவர் தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதன் பிறகு நானும் அவரை டீ குடிக்கக் கூப்பிட அந்த விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினேன். வந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, இது டீக்குக் கூப்பிடுத சத்தம் இல்ல. உசுருக்குப் போராடுதவன் ஊதுத சத்தம். இதக் கேட்டா என் கால் நிக்காது பாத்துக்கோ” என்றார். ஒரு தடவை ஊதினால் ‘எங்கே இருக்கிறாய்’ என்று அர்த்தம், கேட்டவர் இருந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு தடவை பதிலுக்கு ஊதினால் போதும் என்றும் சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை கடைசித் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு பகலும் ஒரு இரவும் காட்டில் தனியாகத் தங்க வேண்டும். என் கணவர் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார். “நாளைக்கு இந்நேரம் வந்துருவேன். போன அங்கன வாங்கி வச்சிருவாங்க. பயப்படக் கூடாது, என்ன” என்றார். தனியாகவா என்று கேட்டேன். “தனியா இருந்தாத்தான் பாஸு” என்று சொல்லிக் குழந்தையை முத்தமிட்டுவிட்டுப் போனார்.

மதியம்வரை சாரல்தான் இருந்தது. அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் செம்மண் நிறமாகத் தண்ணீர் விழுகிற வீடியோவும் குளிக்கத் தடை என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் வந்தன. அவர் போனுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்துத்தான் இருக்கும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். அதன் பிறகு சண்முகப்பிரியாவுக்கு அடித்தேன். அவர் எடுத்தார்.

“அக்கா, நான் இப்பத்தான் ஓடைக்கரைக்குப் போயிட்டு வாரேன். ஒரு தடவ ஊதுனேன், அண்ணனும் ஒரு தடவ ஊதுனாங்க. அக்கரைல மேட்டுல நல்லா இருக்காங்க” என்றார்.

கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றேன்.

“இப்ப ஓடையத் தாண்டுனாத்தான் ஆபத்து. தண்ணி வடியட்டும் அக்கா. அதுவரைக்கும் பொறுமையா அங்கனயே இருக்கதுதான் பரீட்சையே” என்றார்.

“என் புருஷன் உனக்குப் பரீட்சையா?” என்று கேட்டு வைத்துவிட்டேன். இந்தப் போன் பேச்சை முதல் வாக்குமூலத்தில் நான் பாதிதான் சொன்னேன். கூட்டிவர மறுத்தார் என்று மட்டும் சொன்னேன். என்ன காரணம் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது மழை இன்னும் விடவில்லை. என் கணவரின் தம்பி அஃப்சல் கடையில் இருந்து சாப்பிட வந்திருந்தான். அவனை மலைக்குப் போகச் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கழுத்தில் இருந்து விசிலைக் கழற்றினேன். குழந்தை விழித்து அழுதது. விசிலை அஃப்சல் கையில் கொடுத்தேன்.

“மைனி, அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோமா?” என்றான்.

“அவட்டப் போயி நிக்காத. மேல்வழியா நேரா ஓடைக்குப் போ.”

“எப்படி ஊதணும்?”

“மூணு தடவ விட்டு விட்டு ஊது. எங்கன இருந்தாலும் ஓடியாந்துருவாரு.”

இதுதான் நான் சொல்லாமல் விட்டது. அஃப்சல் தானாக எதுவும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தான்.

அதன் பிறகு நடந்தது அஃப்சல் சொல்லி நான் தெரிந்துகொண்டது. அவனும் அவன் கூட்டாளி ஜெகதீஸ்வரனும் பைக்கில் போய், தோட்டத்து மேல்வழியாக ஓடையின் இக்கரையில் நின்றார்கள். அக்கரையில் ஆள் தெரியவில்லை. மூன்று தடவை ஊதினான். பதில் இல்லாததால் மறுபடியும் மூன்று தடவை ஊதினான். பதிலுக்கு ஊத நேரமில்லாமல் என் கணவர் மேட்டில் இருந்து ஓடிவந்துகொண்டிருந்திருக்கிறார். “அண்ணே, இறங்காத, இறங்காத” என்று இவன் கத்தியது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. இவன் கையை ஆட்டியதை உதவிக்குக் கூப்பிடுவதாக நினைத்து ஓடைக்குள் இறங்கிவிட்டார். நடுவில் பாறை வழுக்கி விழுந்து இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது.

அந்த விசிலைக் கேட்டுச் சண்முகப்பிரியாவும் கீழே தோட்டத்துக் கொட்டகையில் இருந்து கயிற்றோடு ஓடிவந்தார். கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டு அவர்தான் தண்ணீரில் இறங்கினார். என் கணவரின் தலை முங்காமல் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் இருந்த மற்ற இருவரும் வந்து கால் விடுபடும்வரை நின்றார். கயிறு அறுத்து அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. இதையும் நான் சொல்லவில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் விசாரித்தபோது, வெள்ளம் வந்த ஓடைக்கு அக்கரையில் என் கணவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தார், சொல்லியும் கூட்டிவரவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்று சொன்னேன். அஃப்சல் பக்கத்தில் நின்றான். தான் ஊதியதைச் சொல்லவில்லை. அவனுக்கு விசா வர வேண்டியிருந்தது, வழக்கில் பெயர் வந்தால் அது நின்றுவிடும். என் வார்த்தையை வைத்துத்தான் சண்முகப்பிரியா மீது வழக்கு ஆனது. தோட்டக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். பயிற்சி நின்றுவிட்டது.

என் கணவர் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “ஊதுனது யாரு? அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்பதுதான். அஃப்சல், “எல்லாரும் நல்லா இருக்காங்கண்ணே” என்றான். கரையில் அவனைப் பார்த்த நினைவு இவருக்கு இல்லை. தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஆனால் சுமை தூக்கி மலை ஏறி இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதும், பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், “யாரோ ஒரு ஆளு தப்பிச்சிட்டாம்லா, அது போதும்” என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாள் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். பயம்தான் காரணம். வேறு சொல்வதற்கில்லை. சென்ற வெள்ளிக்கிழமை காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை நகல் வாங்க இங்கே வந்தபோது, ஜாமீனில் இருக்கும் சண்முகப்பிரியா கையெழுத்துப் போடுவதற்காக வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் இன்னும் கட்டு இருந்தது. நான் பார்க்காததுபோல உள்ளே போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு, “அண்ணன் நடக்காங்களா அக்கா?” என்று கேட்டார். நான் நகல் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு நேற்று மாலை குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஆபத்தில் யாரும் இல்லை, உங்களைத் தேடித்தான் ஊதியது, ஊதச் சொன்னது நான் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எத்தன தடவ ஊதுனான்?”

“மூணு.”

“விட்டு விட்டா?”

“ஆமா. விட்டு விட்டுத்தான்.”

“அப்ப நான் இறங்குனது சரிதான்” என்றார்.

குழந்தை வந்ததும் அதன் கழுத்தில் திரும்ப மாட்டியிருந்த விசிலைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்று காலை நான் கிளம்பும்போதும் அது அங்கேதான் இருந்தது.

சண்முகப்பிரியா என் கணவரை மேட்டில் பத்திரமான இடத்தில்தான் விட்டிருந்தார். என் கணவர் அவர் கற்றுக் கொடுத்தபடிதான் நடந்துகொண்டார். இருவர் மீதும் தவறு இல்லை. வழக்கை இதை வைத்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அதனால் என் மீது நடவடிக்கை வந்தாலும் சரி. இதை என் கையாலேயே எழுதி, முதலில் இருந்து ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டேன். போன தடவை விட்டதுபோல இதில் எதையும் விடவில்லை. எழுதியிருப்பது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
மு. சஃப்ரின்