மூன்றாவது பூச்சு

ஒழுகாத கூரை போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது குவிமாடம் கட்டிப் பார்க்க வேண்டும், ஐயா. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் வீடு. தொலைநோக்கி வைப்பதற்காக வீட்டு மேல்தட்டில் குவிமாடம் ஒன்று கட்டினேன். வளைத்த கம்பிக்கு மேல், தோணி செய்பவர்கள் பூசும் பைபர் கிளாஸ் பசை. இரண்டு பூச்சும் மழையில் கசிந்தன. மூன்றாவதற்கு நல்ல வெயில் வேண்டும் என்று இரண்டு கிழமை காத்திருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, வெயில் எறித்தது.

மனைவி சம்மாந்துறையில் தங்கை வீட்டில் நின்றாள். எட்டரைக்குப் பூசி முடித்தேன். காயும்வரை கை படக்கூடாது. தட்டில் குவிமாடம் போக ஒரு முழ இடம்தான் மிச்சம்.

பக்கத்து வீட்டு நபீஸா இரண்டு பெண்பிள்ளைகளோடு என் வீட்டு வெளிப்பக்க மரப்படியில் ஓடி ஏறி, உச்சியிலிருந்த தகரக் கதவைத் தட்டினாள். புருசன் மீராமுகைதீன் அப்போது கட்டாரில் வேலை.

"சேர், கதவத் தொறங்க. கடல் வருகுது."

"கொஞ்சம் பொறு புள்ள. பசை இன்னும் காயல்ல" என்றேன்.

"புள்ளையள மட்டும் எடுங்க சேர்."

காயாத பசை தோலில் பட்டால் எரியும். பிள்ளைகளின் நன்மையையும் யோசித்தேன் என்பதைப் பதிந்துகொள்ளுங்கள்.

அலை தட்டின் விளிம்புவரை வந்தது. திரும்பும்போது மரப்படியையும் கொண்டுபோனது. குவிமாடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னேரம் ஏணி வைத்து என்னை இறக்கினார்கள். மூன்று ஜனாஸாக்களும் மறுநாள் அடக்கப்பட்டன.

யுத்தம் முடிந்து சந்தியில் பட்டாசு வெடித்த கிழமை, மீராமுகைதீன் எனக்கு உதவ வந்தார். வானம் பார்க்கும் திறப்பின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. டிராக்டர் டியூபை நாடாவாக வெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"சேர், நீங்க அண்டைக்கு மேலதானே நிண்டீங்க. அவ கூப்பிடல்லையா?"

"காத்துச் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல தம்பி."

அன்று காற்றே இல்லை.

"ஓம். கேட்டிருந்தாத் தொறந்திருப்பீங்க" என்றார். குனிந்து மறுபடி ஒட்டத் தொடங்கினார். போகும்போது எனக்காகத் துஆக் கேட்பதாகச் சொன்னார்.

இப்போது இருப்பது கொங்கிறீற் படி. ஆனாலும் வெயில் காலைகளில் மரப்படி அதிர்கிறது. போய்க் கதவை அகலத் திறக்கிறேன். யாரும் இல்லை. "ஆரு?" என்று மனைவி கீழேயிருந்து கேட்பாள். "காத்து" என்பேன்.

மீராமுகைதீனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கதவுக்கு நான் அன்று இன்னும் தாழ்ப்பாள் பொருத்தியிருக்கவில்லை. தள்ளினால் திறந்துவிடும். முதுகைக் கொடுத்து நின்றது நான்தான். நபீஸா தள்ளியது என் தோளில் பட்டது. மூத்தவள் தள்ளியது இடுப்பில். சின்னவள் தள்ளியது முழங்காலுக்குச் சற்று மேலே. கடைசிவரை நிற்காமல் தள்ளியவள் அவள்தான்.