சூடு காட்டின துளை

எழும்பாதேங்கோ அல்பேர்ட் அண்ணை, நான் இந்தக் கதிரையிலை இருக்கிறன். ஆறமுதல் சாப்பிடுங்கோ, புட்டும் மீன்குழம்பும்தான். ஓம், பூசை முடிய ஃபாதர்தான் சொன்னவர், மன்னார் ஆள் ஒருத்தர் கால்விரல் வெட்டி எடுத்து இஞ்சை ஒஸ்லோ ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார், பார்க்க ஒருத்தரும் இல்லையெண்டு. நான் மரியரஞ்சனி. இஞ்சை ஒஸ்லோவிலைதான், வெஸ்ட்லிப் பக்கம் இருக்கிறம்.

எங்கடை இவர், என்ரை மனுசன், என்ன வேலையோ? இவரின்ரை வேலையைச் சொன்னால் சனம் சிரிக்கும். நிலத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறவர் எண்டு கலியாணவீட்டிலை பகிடி பண்ணுவினம். வடக்கிலை மலையளிலை வருசம் முழுக்க உருகாமல் கிடக்கிற நிலம் இருக்கெல்லே. அதிலை துளை போட்டு, ஆழத்துக்கு ஆழம் எவ்வளவு குளிர் எண்டு அளக்கிற கம்பி இறக்கி வைச்சிருக்கினம். ஒரு துளை கம்பஸிலை படிப்பிக்கிறவையின்ரை, இன்னொண்டு ரோட்டுப் போடுறவையின்ரை. ஆளாளுக்குத் தங்கடை கணக்கைத் தாங்களே பொத்தி வைச்சிருந்தவை. போன வருசம், இது துருவ ஆண்டு, வடதுருவம் தென்துருவத்தை எல்லா நாடும் சேர்ந்து ஆராயிற ஆண்டு எண்டு உலகம் முழுக்க அறிவிச்ச நேரம், எல்லாத்தையும் நாட்டுக்குப் பொதுவாய் ஒரே இடத்திலை, கொம்பியூட்டரிலை சேர்க்கிற வேலை தொடங்கினது. அதுக்குத்தான் இவரை எடுத்தவை.

லேசில்லை அண்ணை. ஒருத்தர் தரமாட்டன் எண்டு சொல்லுவாராம், இன்னொருத்தர் தந்தாலும் தலைகால் விளங்காதாம். இவர் ஃபோனிலை கெஞ்சிக் கெஞ்சி வாங்கினவர். ஆஸ்பத்திரி கூட்டிக் கழுவிக்கொண்டு படிச்ச மனுசன். இந்த நாட்டுச் சனம் முதல்முதல் இவரின்ரை சொல்லைக் கேட்டு நடந்தது இந்த வேலையிலைதான். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அப்பதான் வடக்கிலை ஹம்மர்பெஸ்ட் டவுனுக்கு அங்காலை, மலையிலை ஒரு துளை மட்டும் சூடு காட்டினது. மற்றதெல்லாம் பனிக்காலத்துக்குக் குளிர்ந்து போக, இதின்ரை மேல்பக்கத்துச் சூடு ஏறிக்கொண்டு போகுது. துளைக்குப் பக்கத்திலை கருவியள் வைக்கிற கொட்டில் ஒண்டு, கரண்ட் இருக்கு. கம்பி பழுது, விடு எண்டு மற்றவை சொன்னவை. இவர் விடேல்லை. பிழையான சூடு என்ரை கணக்கிலை வரக்கூடாது, நேரை போய்ப் பார்க்கவேணும் எண்டு நிண்டவர். போனவர்தான், ஒரு நோர்வேக்காரனோடை.

ஏன் சாப்பாட்டை நிப்பாட்டிப் போட்டியள்?

ஓம் அண்ணை. அந்தக் கொட்டில்தான். நீங்கள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஒளிச்சிருந்த கொட்டில். அகதி வழக்குத் தோத்து, திருப்பி அனுப்பிப் போடுவினம் எண்டு முகாமிலையிருந்து வெளிக்கிட்டு வந்தனீங்கள் எண்டு ஃபாதர் சொன்னவர். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. ஊரிலை சண்டை அந்த மாதிரி நடக்கேக்கை ஆர் திரும்பிப் போவினம்?

கொட்டிலுக்கு வந்த ரண்டு பேரிலை ஒருத்தன் பாகிஸ்தான்காரன் போலை, பாவம், தமிழிலை சொன்னது அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு நீங்கள் ஃபாதரிட்டைச் சொன்னனீங்களாம். அந்தப் பாவம் எண்ட சொல்லைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.

கதவைத் திறந்தோண்ணை இவருக்கு விளங்கிப்போச்சு, எங்கடை ஆள் எண்டு. அந்த நோர்வேக்காரன் உங்களைப் பார்த்து, பிறகு இவரைப் பார்த்து, உன்ரை நாட்டு ஆளோ எண்டு கேட்டவனாம். கெட்ட எண்ணத்திலை கேக்கேல்லை. ஆனால் அந்தத் தாடியையும் அழுக்கையும் பார்த்த அதே கண்ணாலை தன்னையும் பார்த்ததெண்டு இவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சாம். இல்லை எண்டிட்டார். பாஷையும் தெரியாது எண்டிட்டார். உங்களோடையும் நொஸ்க்கிலை, அவையின்ரை பாஷையிலைதான் கதைச்சவர், என்ன?

பனி ஸ்கூட்டரிலை ரண்டு பேருக்குத்தான் இடம், பின்னாலை இழுவை முழுக்கச் சாமான். இவன் ரோட்டு வரைக்கும் நடப்பானோ எண்டு நோர்வேக்காரன் கேட்டிருக்கிறான். நடப்பான் போலை கிடக்கு எண்டு சொன்னது இவர்தான். கிழிஞ்ச சப்பாத்தோடை நீங்கள் பின்னாலை நடந்து வந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவராம்.

இல்லை, நான் அவருக்காண்டி மன்னிப்புக் கேக்க வரேல்லை. அதைக் கேக்கிற வாய் எனக்கும் இல்லை. இவர் திரும்பி வந்து, அந்தத் துளையின்ரை கணக்குக்குப் பக்கத்திலை, வெளிக்காரணம், நீக்கியாச்சு எண்டு எழுதிப்போட்டு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தவர். எல்லாம் சேர்த்து முடிச்சதுக்குக் கேக் வெட்டினவை, இவரைக் கை தட்டிக் கூப்பிட்டவை. அண்டைக்கு வீட்டை வந்து சப்பாத்துக் கழட்டாமல் படியிலை இருந்தார். அப்பதான் எனக்குச் சொன்னவர். ஃபாதர் உங்கடை பேரைச் சொன்னது அதுக்குப் பிறகு.

இண்டைக்கு இவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தனான். கீழை வாசலிலை நிக்கிறார், மேலை வர முகமில்லை. வரச் சொல்லவோ வேண்டாமோ, நீங்கள்தான் சொல்லவேணும்.

நீங்கள் அண்டைக்குச் சொன்னது இவருக்கு விளங்கினதோ எண்டு கேக்கிறியளோ? வடிவாய் விளங்கினது அண்ணை. தம்பி, எனக்குக் கால் மரத்துப் போச்சு, நடக்கேலாது எண்டு சொன்னனீங்கள். அந்தத் தம்பி எண்ட சொல்லும் விளங்கினது.